தையற்கடையில் ஒரு சிலந்தி

நாவலப்பிட்டியில் ஆனி மாதத்து மழை பிடித்துக்கொண்டால், தகரக்கூரையின் கீழ் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. 2019ஆம் ஆண்டில் அத்தகைய ஒரு ஞாயிறு மாலை, நான்கு மாணவர்கள் குடைகளை உதறிக்கொண்டு நமது வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். உயர்தர வகுப்பில் நம்மிடம் உயிரியல் பயில்பவர்கள். பரீட்சை சம்பந்தமான ஐயம் எதையோ கேட்க வந்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணினோம்.

"சேர், வலையின் ஒரு மூலையில் பூச்சி விழுந்தால், நடுவில் இருக்கிற சிலந்திக்கு அது எந்த மூலை என்று தெரியுமா?" என்று கேட்டான் அவர்களுள் ஒருவன்.

நல்ல கேள்வி. பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி ஆதலால் இன்னும் நல்ல கேள்வி. வட்டவலை பின்னும் சிலந்திக்குக் கண்கள் எட்டு இருந்தாலும் பார்வை மந்தம் என்பதையும், அதன் கால்களில் நுண்ணிய பிளவுகள் போன்ற உணர்வுறுப்புகள் இருப்பதையும் விளக்கினோம். ஆரை ஆரையாக ஓடும் நூல்களின் மேல் எட்டுக் கால்களையும் பரப்பி வைத்துக்கொண்டு அது நடுவே அமர்ந்திருக்கும். எந்த நூல் அதிர்கின்றதோ அந்தத் திசைக்குத் திரும்பும். வந்தது காற்றா, சருகா, இரையா, தன்னை நாடி வந்த ஆண் சிலந்தியா என்பதையும் அதிர்வைக் கொண்டே பிரித்தறியும்.

மூவர் தலையசைத்தனர். நான்காமவன் மாத்திரம் குறிப்புப் புத்தகத்தில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்குத் திக்குவாய். வகுப்பிலே அவன் குரலை நாம் கேட்டது மிக அரிது. கேட்ட சில தடவைகளும் நாமாக எழுப்பி வாசிக்கச் சொன்ன தடவைகள்தாம். அவற்றை இப்போது நினைத்துப் பார்க்க நமக்கு வெட்கமாக இருக்கிறது.

"எதற்காக இந்த விசாரணை?" என்றோம்.

"ஒரு விளையாட்டுக்கு, சேர்" என்று இழுத்தான் முதலாமவன். நான்காமவனைச் சுட்டிக் காட்டி, "இவன்தான் சிலந்தி" என்றான்.

அடுத்த வாரமே அந்த விளையாட்டைக் காணச் சென்றோம். மாணவர்களுள் ஒருவனின் தந்தையார் நடத்தும் தையற்கடையின் மேல்மாடி. துணி வெட்டும் நீண்ட மேசை. அதன் மேல் பென்சிலால் வரைந்த வரைபடங்கள், பலவித முகங்களையுடைய பகடைகள், ஒரு தட்டில் மரவள்ளிக்கிழங்குப் பொரியல். தையற்காரரின் மகனே நடுவன். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம்.

தோட்டப்புறங்களில் மாசி மாதத்தில் நடைபெறும் காமன்கூத்தைக் கண்டவர்களுக்கு இவ்விளையாட்டு எளிதில் விளங்கும். அங்கே ஒருவன் மன்மதனாகிறான், ஒருவன் ரதியாகிறான். கூத்தை நடத்துவிப்பவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் கூத்தில் முடிவு யாவர்க்கும் தெரிந்தது; மன்மதன் எரிந்தே தீருவான். இவ்விளையாட்டிலோ முடிவு நடுவனுக்கும் தெரியாது. "நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே விளக்கொளி தெரிகிறது, என்ன செய்வீர்கள்?" என்று அவன் கேட்பான். வேடதாரிகள் தாம் செய்வதைச் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். பகடை என்றவுடன் தருமபுத்திரரை நினைந்து பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை. பணயம் எதுவும் கிடையாது. தோற்றால் கதையில்தான் தோல்வி.

இத்தகைய விளையாட்டின் மூலநூல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1974இல் அதனை மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டனர். முதற் பதிப்பில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகள். அதற்கும் முன்னோடி உண்டு. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப்பயிற்சி விளையாட்டில், இரு தரப்பார்க்கும் இடையே தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் இருந்தார். விதிநூலில் எழுதாத ஒன்றை விளையாடுபவன் செய்ய முனைந்தால், நடுவர் சற்று யோசித்து ஒரு வழி சொல்வார். இந்த 'சற்று யோசித்தல்' என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வேடம் என்று நாம் சொல்வதை மாணவர்கள் 'கிளாஸ்' என்பார்கள். அதனை வகுப்பு என்று மொழிபெயர்த்தால் பள்ளிக்கூட வாங்கு நினைவுக்கு வருகிறது. குலம் என்றால் வேறு தொல்லை. ஆகவே கூத்துக்காரர் சொல்லையே கைக்கொண்டோம். போர்வீரன், மந்திரவாதி, பூசகன் என்று மூன்றே வேடங்களோடு தொடங்கிய விளையாட்டு அது. பின்னர் வேடங்கள் பெருகின. சிலந்திக்கும் அங்கே நெடுநாளாக இடமுண்டு. 1978இல் வெளிவந்த கதைத் தொகுதி ஒன்றில் லோல்த் என்னும் சிலந்தித் தேவதை பாதாளவாசிகளின் தெய்வமாகத் தோன்றினாள். 2003இல் வெளியான 'அண்டர்டார்க்' என்ற நூலில் 'அரக்னோமான்சர்' என்று சிலந்தி மந்திரக்காரனுக்கே ஒரு வேடம் வகுத்திருக்கிறார்கள்.

மேனாட்டார் சிலந்தியைப் பெரும்பாலும் தீயதாகவே வைத்தார்கள். கிரேக்கரின் அரக்னி, தெய்வத்தோடு நெசவில் போட்டியிட்டுச் சபிக்கப்பட்டவள். மேற்கு ஆபிரிக்கரின் அனான்சி பரவாயில்லை. தந்திரசாலியாயினும் மக்கள் மனங்கவர்ந்தவன். நம்மவர் கதையோ முற்றிலும் வேறு. திருவானைக்காவிலே இலிங்கத்தின் மேல் சருகு விழாதிருக்க வலை பின்னிய சிலந்தி, கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பர். முற்பிறப்பில் தன் வலையை யானை அழித்ததை மறவாத மன்னன், யானை ஏற முடியாத படிகளை வைத்து மாடக்கோயில்கள் கட்டினானாம். அரசனான பின்பும் அவன் சிந்தித்தது சிலந்தியின் சிந்தனையே!

தையற்கடைச் சிறுவர்கள் எந்த நூலின் சிலந்தியையும் எடுத்துக்கொள்ளவில்லை. தாமாகவே ஒன்றை வகுத்திருந்தார்கள். அதற்கு மூன்று ஆற்றல்கள். சுவரிலும் கூரையிலும் ஏறிச் செல்லுதல் ஒன்று. நமது மலைநாட்டு மரப்பொந்துகளில் பகலெல்லாம் பதுங்கியிருக்கும் புலிமுகச் சிலந்தியைப் பார்த்து இதனை எழுதியிருந்தார்கள். வலை விரித்து, அதன் அதிர்வால் வருவோரை அறிதல் இரண்டாவது. மூன்றாவது மிக நுட்பமானது. இலங்கையில் போர்ஷியா என்றொரு குதிக்கும் சிலந்தி உண்டு. சேக்ஸ்பியரின் வழக்கறிஞப் பெண்ணுக்கும் அதே பெயர்தான். அது பிற சிலந்திகளின் வலையோரத்தில் நின்று, சிக்கிக்கொண்ட பூச்சியைப் போல நூலை மீட்டும். வீட்டுக்காரச் சிலந்தி இரையென்று எண்ணி வந்து, தானே இரையாகும். ஒரு வகையான மீட்டல் பலிக்காவிட்டால் வேறு வகையாக மீட்டிப் பார்க்கும் பொறுமையும் அதற்குண்டு. இந்தத் தந்திரமும் அவ்வேடத்தில் இருந்தது.

நாம் சென்ற அன்று கண்ட ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். திக்குவாய்ச் சிறுவனின் கையிலே தையற்கடை நூற்கட்டை ஒன்று. அதன் நூல் மேசைக் காலைச் சுற்றி நடுவனின் விரலில் கட்டப்பட்டிருந்தது. ஒரு முறை இழுத்தால் 'பொறு', இரு முறை இழுத்தால் 'வா', மெல்ல மீட்டினால் 'ஏய்க்கிறேன்'. பேசவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. பேச விரும்பினால் மற்றவர் காத்திருப்பர். ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் சென்றாலும் எவனும் அதை எடுத்துக் கொடுக்கமாட்டான். நமது வகுப்பறையில் நாம் எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதை உதவி என்று எண்ணியிருந்தோம்.

அன்றைய கதையில், உறங்கும் காவலாளியின் இடுப்பிலிருந்த திறப்பை மேலிருந்து நூல் விட்டு எடுக்க முயன்றான் அவன். விதியில் அப்படி ஒன்று இல்லை. நடுவன் சற்று யோசித்தான். "இருபது முகப் பகடையில் பதினைந்தோ அதற்கு மேலோ விழவேண்டும்" என்றான். இருபதில் ஆறு வாய்ப்பு, நூற்றுக்கு முப்பது. பதினேழு விழுந்தது. கீழே தைத்துக்கொண்டிருந்த தகப்பனார் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தார்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன, ஊரடங்கு வந்தது. தையற்கடையும் மூடியது. நால்வருள் இருவர் தோட்டங்களில், ஒருவன் கம்பளைப் பக்கம். மேசையைச் சுற்றி இருத்தல் இனி இயலாது. நடுவன் தன் அண்ணனின் பழைய கணினியில் சேர்வர் ஒன்றை அமைத்து, விளையாட்டை அதற்கு மாற்ற முற்பட்டான். இது புதிய எண்ணமன்று. 1978இலேயே இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்னும் மாணவர், எழுத்துகளாலேயே ஆன ஓர் உலகத்தைக் கணினியில் அமைத்தார். பலர் ஒரே வேளையில் அதனுள் நடமாடலாம். பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் அதனை விரிவாக்கினார். நமது சிறுவன் எடுத்துக்கொண்டது 'நெவர்விண்டர் நைட்ஸ்' என்ற விளையாட்டை. கனடாவின் பயோவெயார் நிறுவனத்தார் 2002இல் வெளியிட்டது, 2018இல் புதுப்பிக்கப்பட்டது. மேசை விளையாட்டின் மூன்றாம் பதிப்பு விதிகளையே தழுவியது. தாமே உலகங்களைச் சமைத்து, தம் கணினியிலேயே சேர்வராக நடத்தத்தக்க கருவிகளும் அதனுடன் கிடைக்கும்.

மூன்று ஆற்றல்களையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெழுதத் தொடங்கினான் நடுவன். முதலாவதே முட்டிக்கொண்டது. அவ்வுலகம் சதுரத் துண்டுகளை அடுக்கிச் செய்த உலகம். எங்கே நடக்கலாம் என்று முன்னரே குறித்த தரையில்தான் கால் வைக்கலாம். சுவர் என்றால் சுவர்தான். ஏறுதல், தாவுதல், நீந்துதல் ஆகிய திறமைகள் மேசை விதிகளில் உண்டு; இவ்விளையாட்டில் அவை சேர்க்கப்படவில்லை. ஆகவே சுவரின் அடியில் ஒரு நூல் தொங்குவது போல வைத்து, சிலந்தி அதைத் தொட்டால் மறைந்து மேலே தோன்றும்படி செய்தான். ஏறியதாகப் பாவனை. வலை மந்திரம் ஏற்கெனவே அவ்விளையாட்டில் இருந்தது. அதை அப்படியே எடுத்து வைத்தான்.

முதல் இரவு விளையாட்டு பத்து நிமிடமும் நீடிக்கவில்லையாம், சிலந்தி இறந்துபோயிற்று. மேசையில் ஒருவன் யோசிக்க மற்றவர் காத்திருப்பர். சேர்வரிலோ ஆறு வினாடிக்கு ஒரு சுற்று என்று காலம் தானே ஓடுகிறது. நடுவன் ஒருவனே அதை நிறுத்தலாம். அடிக்கடி நிறுத்தினால் விளையாட்டே இல்லை. சிலந்தி வலை விரித்துவிட்டுக் காத்திருந்தது. பகைவர் வேறு வழியால் வந்து வெட்டினர். அவ்வளவே. அதன் பிறகு இரண்டு வாரம் அந்தச் சிறுவன் விளையாட வரவில்லை. தொலைபேசிக்கும் பதில் இல்லை.

ஊரடங்கு தளர்ந்த ஒரு நாளில் நடுவன் நம்மைத் தேடி வந்தான், முகக்கவசத்துடன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினான்.

"சேர், எது இல்லாவிட்டால் சிலந்தி சிலந்தி இல்லை?"

நாம் சொன்னது இதுதான்: ஏறுதல் பல்லிக்கும் உண்டு. விஷம் பூரானுக்கும் உண்டு. வலைகூட எல்லாச் சிலந்திகளுக்கும் இல்லை. குதிக்கும் சிலந்திகள் பெரும்பாலும் இரைபிடிக்க வலை விரிப்பதில்லை. ஆனால் அவையும் பாயுமுன் தம் பின்னால் ஒரு நூலை ஒட்டிவிட்டே பாயும். நூல் விடாத சிலந்தி இல்லை, தம்பி.

வேறு ஒன்றும் கேளாமல் போய்விட்டான். மறுவாரம் அவன் செய்து காட்டியது நம்மை வியப்பில் ஆழ்த்தியது. அவ்விளையாட்டில் வலை போன்ற ஒரு பரப்பை அமைத்தால், அதற்கு மூன்று கட்டளைகள் எழுதலாம்: எவரேனும் உள்ளே நுழைகையில் செய்யவேண்டியது, ஆறு வினாடிக்கொரு முறை செய்யவேண்டியது, வெளியேறுகையில் செய்யவேண்டியது. வழக்கமான வலை, நுழைபவனைச் சிக்கவைக்கும். இவன் அந்தச் சிக்கவைத்தலையே பெரும்பாலும் எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாக, எவர் நுழைந்தாலும் வலை விரித்தவனுக்கு மாத்திரம் ஒரு செய்தி தோன்றும்: வடக்கு நூல் அதிர்கிறது, கனமான அதிர்வு, இரு கால்கள். மற்றவர் திரையில் ஒன்றும் இராது. பாதையில் என்ன வருகிறது என்பது இப்போது ஒருவனுக்கே தெரியும். மற்ற இருவரும் அவன் சொல்லைக் கேட்டே வாளை உருவவேண்டும். சிலந்திக்கு இருந்த ஆற்றல்களில் பாதியைக் குறைத்து, அதனை அக்கூட்டத்துக்கு இன்றியமையாததாக்கிவிட்டான் அந்தப் பதினெட்டு வயதுச் சிறுவன்.

திக்குவாய்ச் சிறுவன் திரும்பி வந்தான். அங்கே பேச்சு என்பது தட்டச்சு. தட்டச்சுக்குத் திக்கல் இல்லை. வாய்ப்பேச்சில் ஐந்து சொல்லைத் தாண்டாதவன், அந்தத் திரையிலே பந்தி பந்தியாக எழுதினான். எழுதியதில் நகைச்சுவையும் இருந்தது என்பதை நண்பர்களே அப்போதுதான் அறிந்தார்களாம். ஒரு குறை. இவ்விளையாட்டில் தமிழ் எழுத்துத் தோன்றாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறார்கள். லகர ளகர ழகர பேதமெல்லாம் போயிற்று. அதைப் படித்தபோது ஆசிரியர் என்ற முறையில் நமக்குப் பல் கூசியது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டோம்.

மீட்டி ஏய்க்கும் ஆற்றலைப் பெயர்த்தது வேடிக்கையான கதை. நூலை மீட்டினால் அருகிலுள்ள பகைவன் அந்த இடத்துக்கு நடந்து வரவேண்டும் என்று நிரல் எழுதினான் நடுவன். மேசையிலென்றால், ஏமாறுவானா மாட்டானா என்று நடுவனே பார்த்துக்கொள்வான். இயந்திரத்துக்கு அந்த விவேகம் ஏது? மலைபோன்ற பறவைநாகம் ஒன்று, மீட்டிய போதெல்லாம் கோயில் மாடு போல அடக்கமாக வந்து நின்றதாம். பிறகு பகைவனின் மனவுறுதிக்கும் ஒரு பகடை வைத்து, ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை எளிதில் ஏமாறாதபடி திருத்தினார்கள்.

நண்பர்களின் நண்பர்கள் என்று பத்துப் பன்னிருவர் சேர்ந்த பின்னர் வேறு தொல்லை வந்தது. மேசையில் சிலந்தி ஒன்றே. சேர்வரில் யாரும் அவ்வேடத்தை எடுக்கலாம். புதிதாக வந்த ஒருவன் நகர வாசலிலே வலைமேல் வலையாக விரித்து, எவரையும் வெளியே விடாமல் கூத்தடித்தான். மேசையில் இதைச் செய்தால் நடுவன் ஒரு பார்வை பார்ப்பான், முடிந்தது. இங்கே ஒவ்வொன்றுக்கும் விதி எழுதவேண்டியதாயிற்று. நகருக்குள் வலை கூடாது. ஒருவனுக்கு மூன்று வலைகளுக்கு மேல் இல்லை. நான்காவதை விரித்தால் முதலாவது தானே மறையும். இந்த இரண்டாவது விதிக்கு வழி சொன்னவன் திக்குவாய்ச் சிறுவன். வட்டவலைச் சிலந்திகள் பல, பழைய வலையைத் தாமே தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னுகின்றன என்று நாம் வகுப்பில் எப்போதோ சொன்னதை அவன் குறித்து வைத்திருக்கிறான்.

உயர்தரப் பரீட்சை 2020 இறுதியில் முடிந்தது. ஒருவன் தோஹாவுக்கு வேலைக்குப் போனான்; ஒருவன் கொழும்பில் புடைவைக் கடையில்; நடுவன் பேராதனையில் மாணவனானான். ஊரில் எஞ்சியவன் சிலந்திதான். ஆகவே சேர்வர்க் கணினியும் அவன் வீட்டுக்கு வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நேர்ந்த நாட்களில், மின்சபையின் அட்டவணையையும் தோஹாவின் இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் வைத்துக்கொண்டு அவன் போட்ட கணக்கு ஒரு காகிதம் நிறைய இருந்தது. சில வாரங்களில் அவர்களுக்குக் கிடைத்தது நள்ளிரவில் ஐம்பது நிமிடம். அதற்கும் நால்வரும் வந்தார்கள்.

இவ்வளவும் கண்ட பின்னும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. உறங்கும் காவலாளியின் திறப்பை நூலால் தூக்கிய அந்தப் பதினேழு, சேர்வரில் ஒருநாளும் விழாது. அங்கே திறப்பு என்பது, தூக்கலாம் என்று எவரேனும் முன்கூட்டி எழுதி வைத்தால்தான் தூக்கப்படும். நடுவன் இதை ஒப்புக்கொள்கிறான். எத்தனை நிரல் எழுதினாலும் 'சற்று யோசிக்க' அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்கிறான். அவன் விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் இருவரும் தையற்கடை மேல்மாடிக்குப் போய்விடுகிறார்கள்.

சென்ற போயா விடுமுறையில் நாமும் அங்கே ஏறிப் பார்த்தோம். மேசைக் காலில் பழைய நூல் இன்னும் சுற்றியபடி இருந்தது. சிலந்திச் சிறுவன், இப்போது இளைஞன், எதையோ எழுதிக்கொண்டிருந்தவன் நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"சே... சேர், ஓநாய்ச் சிலந்தி முட்டைப் பையைச் சு... சுமந்துகொண்டே திரியுமாமே. குஞ்சு பொரித்த பிறகு?"

நாம் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்து, அவன் கேட்டு முடித்த பின், குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும் என்றோம்.

"எ... எத்தனை நாள்?" என்று கேட்டு, பேனாவை எடுத்தான்.